கணினியின் செக்ரோலில் நாமும் ஒரு வரி எழுதலாம்: லாகர் கட்டளை, தொடங்குபவர்களுக்கு

எங்கள் அம்மாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டத்து லயத்துக் காம்பராவில் (தொழிலாளர் வரிசை வீட்டு அறையில்) அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு வைப்பார். வேலைக்குப் போன நாளுக்கு ஒரு நீளக் கோடு, அரைப் பேர் (அரைநாள் வேலைக் கணக்கு) விழுந்த நாளுக்கு ஒரு குட்டைக் கோடு. சம்பளத்தன்று துண்டில் பேர் குறைந்திருந்தால் நேரே கணக்கப்பிள்ளையிடம் போய் நிற்பார். அவர் செக்ரோலை, அதாவது தோட்டத்து வரவுப் புத்தகத்தை, திறந்து காட்டுவார், அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. சுவரைப் பெயர்த்துக்கொண்டா போக முடியும்? கோடு சரியாகவே இருந்தாலும் அது அவராகப் போட்ட கோடு. செக்ரோல் இன்னொருவர் கையால், அன்றன்றைக்கு, எல்லோருடைய பேரோடும் சேர்த்து எழுதிய புத்தகம்.

இந்தக் கதை எதற்கு என்றால், லினக்ஸ் கணினியிலும் இதே மாதிரி ஒரு செக்ரோல் இருக்கிறது. அதற்குப் பெயர் சிஸ்டம் லாக். கேர்னல் (எல்லாவற்றையும் அடியில் இருந்து நடத்துகிற மையப் புரோகிராம்), நெட்வேர்க், பிரிண்டர், யார் எப்போது லாகின் செய்தார் என்று பார்க்கிற புரோகிராம், எல்லாமே தாங்கள் செய்ததை அங்கே ஒரு வரி எழுதிவிட்டுப் போகின்றன. நாமும் எழுதலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எழுதுவதற்கான கட்டளை லாகர். (கட்டளைகளை இங்கே ஒலிக்கிறபடி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் டெர்மினலில், அதாவது கட்டளை தட்டுகிற ஜன்னலில், ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்: எல், ஓ, இரண்டு ஜீ, ஈ, ஆர்.)

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு அவமானத்தில். ஹட்டன் பக்கம் ஒரு டியூசன் நிலையத்தில் நாலைந்து பழைய கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அதில் உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) போட்ட ஒரு மெஷினில்தான் பிள்ளைகளின் தவணைப் பரீட்சைப் புள்ளிகள் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு அவற்றை ஒரு வெளி டிஸ்க்கில் நகல் எடுக்க ஒரு ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல்) எழுதி வைத்திருந்தேன். அதன் கடைசி வரி, ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் "முடிந்தது" என்று எழுதும். தினமும் காலையில் அந்த ஃபைலைத் திறந்து பார்ப்பேன். முடிந்தது, முடிந்தது, முடிந்தது. ரொம்பத் திருப்தி. ஒருநாள் அங்கே படிப்பிக்கிற சேர் வந்து பழைய புள்ளிப் பட்டியல் ஒன்று வேண்டும் என்றார், டிஸ்க்கைத் திறந்தால் ஏழு வாரமாக ஒன்றுமே ஏறவில்லை.

நடந்தது இதுதான். மழைக்காலத்தில் ஓர் இரவு கரண்ட் போயிருக்கிறது. (இந்த மலையில்தான் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, லக்சபான என்று தண்ணீரைத் தேக்கி நாட்டுக்கே மின்சாரம் எடுக்கிறார்கள், ஆனால் ஒரு மரக்கிளை கம்பியில் விழுந்தால் எங்களுக்கு இருட்டு.) யூபிஎஸ் பேட்டரி கிழடு, கொஞ்ச நேரத்தில் அதுவும் கையை விரித்துவிட்டது. கரண்ட் வந்ததும் மெஷின் தானாக எழும்பியது. ஆனால் அந்த டிஸ்க்கை நான் முதல் தடவை கையால் மவுண்ட் செய்து (ஒரு ஃபோல்டரோடு இணைத்து) வைத்தவன், தானாக மவுண்ட் ஆகும்படி செய்யவில்லை. ஆகவே டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஃபோல்டர்தான் இருந்தது. ஸ்கிரிப்ட் ஒவ்வொரு நாளும் அந்த வெறும் ஃபோல்டருக்குள், அதாவது அதே மெஷினுக்குள்ளேயே, நகல் எடுத்துவிட்டு "முடிந்தது" என்று கோடு போட்டிருக்கிறது. என் டெக்ஸ்ட் ஃபைல், அம்மாயியின் கரிச்சுவர் மாதிரிதான். ஆனால் அம்மாயியின் கோடாவது உண்மையாக இருந்தது.

சிஸ்டம் லாக்கில் எழுதியிருந்தால் என்ன வித்தியாசம்? என் "முடிந்தது" வரிக்கு மேலே, அதே பக்கத்தில், மெஷின் திடீரென்று நின்றதும் மறுபடி பூட் ஆனதும் கண்ணில் பட்டிருக்கும். ஒழுங்காக ஷட்டவுன் ஆன மெஷின், ஒவ்வொரு சேவையும் நின்றதை வரிவரியாகச் சொல்லிவிட்டுத்தான் அணையும். கரண்ட் போய் அணைந்த மெஷினில் அந்த வரிகள் இருக்காது, பாதிப் பேச்சில் அறுந்த மாதிரி இருக்கும், அடுத்தது நேரே பூட் வரிகள். அதைப் பார்த்த எவனுக்கும் "டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கிறதா" என்ற கேள்வி வந்திருக்கும். தனி ஃபைலில் என் வரி மட்டும் தனியாக நின்றது, அக்கம் பக்கம் இல்லாமல்.

சரி, செய்து பார்ப்போம். டெர்மினலைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

லாகர் "வணக்கம், நான்தான் எழுதுகிறேன்"

எண்டர் அடித்தால் திரையில் ஒன்றும் வராது. வேலை செய்யவில்லை என்று நினைத்து நாலு தடவை அடிக்காதீர்கள், நாலு தடவையும் எழுதப்பட்டிருக்கும். பார்ப்பதற்கு இன்னொரு கட்டளை, ஜர்னல்சீடீஎல். ஜர்னல் (சிஸ்டம் லாக் சேர்கிற இடத்தின் பெயர்) என்ற சொல்லின் வாலில் சீ, டீ, எல் மூன்றும் (கன்ட்ரோல் என்பதன் சுருக்கம்) ஒட்டியது. அதோடு -என் 5 என்று சேர்த்தால் கடைசி ஐந்து வரிகளை மட்டும் காட்டும். இந்த மாதிரி ஒன்று தெரியும்:

மே 28 10:42:07 வகுப்பு-பிசி குமார்[2314]: வணக்கம், நான்தான் எழுதுகிறேன்

நீங்கள் எழுதியது கடைசித் துண்டு மட்டும்தான். தேதி, நேரம், மெஷினின் பெயர், உங்கள் லாகின் பெயர், அடைப்புக்குள் இருக்கிற எண் எல்லாம் தானாக வந்தவை. அந்த எண், நீங்கள் அடித்த லாகர் கட்டளைக்கு அந்த நேரத்தில் கிடைத்த பிராசஸ் எண். ஒவ்வொரு தடவையும் மாறும்.

சில மெஷின்களில் இதே வரி /வார்/லாக்/சிஸ்லாக் என்ற ஃபைலிலும் இருக்கும். டெபியன், உபுண்டு வகையறாவில் அந்தப் பெயர், ரெட் ஹாட் வகையறாவில் /வார்/லாக்/மெசேஜஸ். டெபியன் 12-இலிருந்து (2023) அந்த ஃபைலை எழுதுகிற ஆர்சிஸ்லாக் தானாக இன்ஸ்டால் ஆவதில்லை, அதனால் ஃபைலைக் காணோம் என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள், ஜர்னல்சீடீஎல் பக்கம் போங்கள்.

எழுதுவதற்கு யாருக்கும் தடை இல்லை, வாசிப்பதற்குத்தான் உண்டு. சாதாரண யூசராக ஜர்னல்சீடீஎல் அடித்தால் உங்களுடைய வரிகள் மட்டும் தெரியும். எல்லாவற்றையும் பார்க்க முன்னால் சூடூ (நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டச் சொல்கிற கட்டளை) போட வேண்டும், அல்லது நிர்வாகக் குழுவில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். செக்ரோலும் அப்படித்தானே, பெரட்டில் (காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்தில்) பேர் கொடுக்கிறது எல்லோரும், புத்தகத்தைப் புரட்டுகிறது ஒருவர்.

இப்போது நான் ரொம்பப் பாவிக்கிற ஒரு விஷயம், -டீ. ஆங்கில டீ எழுத்து, நம்ம டீ என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். இது வரிக்கு ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டும்.

லாகர் -டீ நகல் "புள்ளிப் பட்டியல் தொடங்குகிறது"

இதை அடித்தால் லாகின் பெயருக்குப் பதிலாக "நகல்" என்று விழும். அப்புறம் ஜர்னல்சீடீஎல் -டீ நகல் என்று கேட்டால் அந்தச் சீட்டு ஒட்டிய வரிகள் மட்டும் தனியாக வரும். ஆயிரக்கணக்கான வரிக்குள் தேட வேண்டியதில்லை. அதோடு -எஃப் சேர்த்தால் புதிதாக எழுதப்படுகிறவை எழுதப்படும்போதே திரையில் ஓடும். ஒரு ஜன்னலில் அதை ஓடவிட்டு இன்னொரு ஜன்னலில் லாகர் அடித்துப் பாருங்கள், என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் பத்து நிமிடத்துக்கு வேறு பாடம் நடத்த முடியாது.

அடுத்தது -பீ (பிரயாரிட்டி என்பதன் முதல் எழுத்து), முக்கியத்துவம். சிஸ்லாக்கில் (இந்தப் பதிவு முறைக்கே அதுதான் பெயர்) எட்டுப் படிகள் உண்டு, 0-இலிருந்து 7 வரை: எமேர்ஜ், அலேர்ட், கிரிட், எர், வார்னிங், நோட்டிஸ், இன்ஃபோ, டீபக். எண் குறையக் குறையத் தலைபோகிற விஷயம், இது முதலில் எல்லோரையும் குழப்பும். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் லாகர் "யூசர்.நோட்டிஸ்" என்று எடுத்துக்கொள்ளும். புள்ளிக்கு முன்னால் இருப்பது எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்பது, பின்னால் இருப்பது எவ்வளவு அவசரம் என்பது. பகுதிகளில் மெயில், க்ரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுவது), ஆத் (லாகின் அனுமதி) எல்லாம் உண்டு, இப்போது அநேகமாக யாரும் தொடாத நியூஸ், யூயூசீபீ கூட இன்னும் பட்டியலில் இருக்கின்றன, மூடிய தோட்டத்தின் பெயர் பஸ் போர்டில் இருப்பது போல. சொந்தப் பாவனைக்கென்று லோக்கல்0 முதல் லோக்கல்7 வரை எட்டு இடம் காலியாக விட்டிருக்கிறார்கள். கேர்னல் என்ற பெயரில் மட்டும் நீங்கள் எழுத முடியாது, எழுதினாலும் அது யூசர் என்று மாறிவிடும்.

உள்ளே இரண்டும் சேர்ந்து ஒரே எண்ணாகத்தான் போகின்றன. பகுதி எண்ணை எட்டால் பெருக்கி அவசர எண்ணைக் கூட்ட வேண்டும். யூசருக்கு 1, நோட்டிஸுக்கு 5, ஆக 13. லோக்கல்0 என்றால் 16, அதில் இன்ஃபோ 6, ஆக 134. எங்கேயாவது ஒரு லாக் வரியின் தலையில் கோண அடைப்புக்குள் <13> என்று கிடந்தால் அது இதுதான்.

எமேர்ஜை விளையாட்டுக்குக் கூட அடிக்காதீர்கள். அது லாக்கில் மட்டும் போய் உட்காராது, அந்த மெஷினில் டெர்மினல் திறந்து வைத்திருக்கிற எல்லோருடைய திரையிலும் குதிக்கும். எங்கள் வகுப்பில் ஒரு தம்பி "சேர் வாறார்" என்று எமேர்ஜில் அனுப்பினான். அதே மெஷினில் தூரத்திலிருந்து லாகின் செய்திருந்த சேருக்கும் சேர்த்துப் போய்விட்டது.

இனி என் ஸ்கிரிப்டைத் திருத்திய கதை. முதலில் டிஸ்க் உண்மையிலேயே மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்கு மவுண்ட்பாயிண்ட் என்றே ஒரு கட்டளை இருக்கிறது. அது சரி என்றால் நகல், நகலும் சரி என்றால் நல்ல வரி, இரண்டில் எது பிழையானாலும் கெட்ட வரி. && என்றால் முந்தியது சரியாக முடிந்தால் மட்டும் அடுத்தது, || என்றால் பிழையானால் மட்டும் அடுத்தது. ஆகவே எலும்புக்கூடு இப்படி:

மவுண்ட்பாயிண்ட் -கியூ டிஸ்க் && ஆர்சிங்க் -ஏ புள்ளிகள் டிஸ்க் && லாகர் -டீ நகல் -பீ யூசர்.இன்ஃபோ "நகல் சரி" || லாகர் -டீ நகல் -பீ யூசர்.எர் "நகல் பிழை"

(ஆர்சிங்க் நகல் எடுக்கிற கட்டளை, -ஏ போட்டால் ஃபோல்டரை உள்ளே இருப்பவற்றோடு எடுக்கும். டிஸ்க், புள்ளிகள் என்ற இடங்களில் முழுப் பாதையைக் கொடுக்க வேண்டும்.) இப்போது காலையில் ஜர்னல்சீடீஎல் -டீ நகல் -பீ எர் என்று அடிக்கிறேன். எர் படியிலும் அதைவிட மோசமானதிலும் இருப்பதை மட்டும் காட்டும். ஒன்றும் வராவிட்டால் தேத்தண்ணி. ஆனால் ஒன்றும் வராதது இரண்டு காரணத்தால் இருக்கலாம், எல்லாம் சரி, அல்லது ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை. அதனால்தான் நல்ல வரியையும் எழுத வைத்தேன், வாரம் ஒரு தடவையாவது அதையும் பார்க்கிறேன்.

வேறு ஒரு கட்டளை கக்குவதை அப்படியே லாக்குக்குள் தள்ளவும் முடியும். நடுவில் | என்ற நேர்க்கோடு ஒன்று போட்டு வலது பக்கம் லாகர் என்று எழுதினால், இடது பக்கம் சொல்வது ஒவ்வொரு வரியும் ஒரு தனிப் பதிவாகப் போகும். லாகருக்கு -எஃப் கொடுத்து ஒரு முழு ஃபைலையும் தள்ளலாம். -எஸ் போட்டால் லாக்கிலும் எழுதும், திரையிலும் காட்டும், ஆரம்பத்தில் நம்பிக்கை வருவதற்கு இது நல்லது.

மேற்கோள் குறியைப் பற்றி ஒரு வார்த்தை. செய்தியை எப்போதும் மேற்கோளுக்குள் போடுங்கள், டொலர் மாதிரிக் குறி வந்தால் ஒற்றை மேற்கோளுக்குள். நான் ஒருமுறை மேற்கோள் இல்லாமல் இப்படி அடித்தேன்:

லாகர் அறை வெப்பம் > 30

லாக்கில் "அறை வெப்பம்" என்று மட்டும் இருந்தது, ஃபோல்டரில் 30 என்ற பெயரில் ஒரு வெற்று ஃபைல் பிறந்திருந்தது. லாகர் மீது பழி இல்லை, அந்த அம்புக்குறியை லாகருக்குக் கொடுக்காமல் ஷெல் (நாம் தட்டுவதை வாசித்து ஓட்டுகிற புரோகிராம்) வழியிலேயே பிடித்துக்கொண்டது. டொலர் குறியும் அப்படித்தான். இரட்டை மேற்கோளுக்குள் "$500 கிடைத்தது" என்று எழுதினால் "00 கிடைத்தது" என்று விழும். ஷெல் $5 என்பதை ஐந்தாவது உள்ளீடு என்று நினைத்துத் தேடி, ஒன்றும் இல்லாததால் வெறுமையை வைத்துவிடும்.

தமிழில் எழுதலாமா என்று கேட்பார்கள். தாராளமாக, நான் எழுதுவதே தமிழில்தான். ஆனால் இடக்கணக்கு ஒன்று இருக்கிறது. லினக்ஸில் லாகர் ஒரு செய்திக்கு வைத்திருக்கிற அளவு 1 கிலோபைட், அதாவது 1024 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும், யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு மூன்று வேண்டும், அதுவும் "கொ" மாதிரி உயிர்மெய்க்கு க தனி, ஒகரக் குறி தனி என்று ஆறு. ஆகவே ஆங்கிலத்தில் ஆயிரம் எழுத்து போகிற இடத்தில் தமிழில் குறிகளையும் சேர்த்து எண்ணினால் 341-தான். மேற்கோளுக்குள் அதைவிட நீளமாக எழுதினால் மிச்சம் வெட்டுப்பட்டுப் போகும். --சைஸ் என்று கொடுத்து அளவைக் கூட்டலாம். லாக் வரியில் கதை எழுதாமல் இருந்தால் இந்தப் பிரச்சினையே வராது.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாக. 1980-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் என்பவர் சென்ட்மெயில் என்ற மெயில் புரோகிராமுக்காகச் செய்ததுதான் சிஸ்லாக். மெயிலுக்காக வந்தது எல்லோருக்கும் பிடித்துப்போய், ஆளாளுக்கு ஒரு மாதிரி பாவித்து, 2001-இல்தான் இருக்கிற வழக்கத்தை ஆர்எஃப்சி 3164 (ஆர்எஃப்சி என்பது இணைய முறைகளை விவரிக்கிற ஆவணம்) என்று எழுதி வைத்தார்கள், 2009-இல் ஆர்எஃப்சி 5424 ஒழுங்கான விதியாக வந்தது. லாகர் கட்டளை பாசிக்ஸ் (யுனிக்ஸ் வகைகளுக்குப் பொதுவான) தரத்திலேயே இருப்பதால் லினக்ஸ் மட்டுமல்ல, மேக்கிலும் பீஎஸ்டீயிலும் கிடைக்கும். -என் கொடுத்து வேறொரு மெஷினின் லாக்குக்கும் அனுப்பலாம், வழக்கமான வாசல் (போர்ட்) யூடிபீ என்ற அனுப்பும் முறையில் 514. யூடிபீயில் போய்ச் சேர்ந்ததா என்று பதில் வராது, வழியில் யாரும் படிக்கவும் முடியும், அதனால் வீட்டு நெட்வேர்க்குக்கு வெளியே வேண்டாம்.

இனி இதை எவ்வளவு நம்பலாம் என்பது. -டீ போட்டு யாரும் எந்தப் பெயரிலும் எழுதலாம் என்று கவனித்திருப்பீர்கள். ஒருவன் -டீ க்ரான் என்று போட்டுப் பொய்யாக எழுதினால்? எழுதலாம்தான். ஆனால் ஜர்னலில் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் கண்ணுக்குத் தெரியாத விவரங்கள் உண்டு. ஜர்னல்சீடீஎல் -ஓ வேர்போஸ் என்று அடித்தால் அவை விரியும். அதில் அடிக்கோட்டில் தொடங்குகிற பெயர்கள், _யூஐடீ (யூசர் எண்), _பீஐடீ (பிராசஸ் எண்) போன்றவை, எழுதியவன் சொன்னவை அல்ல. கேர்னல் பார்த்துச் சொன்னதை ஜர்னல் தானே குறித்துக்கொண்டவை. சீட்டில் க்ரான் என்று இருந்தாலும் _யூஐடீயில் அந்தத் தம்பியின் எண் இருக்கும். (ரூட் அதிகாரம், அதாவது முழு நிர்வாகி அதிகாரம், உள்ளவர் கதை வேறு. கணக்கப்பிள்ளையே பொய் எழுதினால் என்ன செய்வது.) அப்புறம், பாஸ்வேர்ட், அடையாள அட்டை எண் மாதிரி எதையும் லாக்கில் எழுதவே கூடாது, எழுதிய ஒரு வரியைத் தனியாகப் பிடுங்கி எடுப்பது எளிதல்ல.

நேரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. சாதாரண பிசியில் கடிகாரத்துக்கென்று ஒரு குட்டி பேட்டரி இருக்கிறது. ராஸ்பெரி பை 4-இலும் அதற்கு முந்தியவற்றிலும் அது இல்லை. கரண்ட் போய் வந்து, இன்டர்நெட் இன்னும் வராவிட்டால், அது பழைய நேரத்தை நினைத்துக்கொண்டே எழுதும், இன்டர்நெட் வந்ததும் திடீரென்று தாவும். எங்கள் பக்கம் இரண்டும் ஒன்றாகத்தான் போகும். இன்னொன்று, ஜர்னல் உள்ளுக்குள் உலக நேரத்தில்தான் வைத்துக்கொள்கிறது, காட்டும்போதுதான் கொழும்பு நேரமாக ஐந்தரை மணித்தியாலம் கூட்டிக் காட்டுகிறது. இலங்கை 1996-இல் கடிகாரத்தை முன்னே தள்ளி, 2006-இல் பழையபடி ஐந்தரைக்குத் திரும்பியதை அனுபவித்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும்.

கடைசியாக ஒரு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். /வார்/லாக்/ஜர்னல் என்ற ஃபோல்டர் உங்கள் மெஷினில் இல்லாவிட்டால் ஜர்னல் எல்லாவற்றையும் மெமரியில்தான் வைத்திருக்கும், ரீபூட் ஆனதும் போய்விடும். கரண்ட் போகிற ஊரில் அது பிரயோசனமே இல்லை. அந்த ஃபோல்டரை உருவாக்கி, மெஷினை ஒருமுறை ரீபூட் செய்தால் டிஸ்க்கில் எழுதத் தொடங்கும்.

இப்போது நான் ஸ்கிரிப்டில் மட்டுமல்ல, கையாலும் எழுதுகிறேன். ஏதாவது பெரிதாகச் செய்யப் போகிறேன் என்றால் முதலில் லாகரில் ஒரு வரி, அப்புறம்தான் வேலை. போன வாரம் யூபிஎஸ் பேட்டரி மாற்றியதை ஜர்னலில் பார்த்தால் இப்படி இருக்கிறது: 15:10-க்கு "வேலை: புது பேட்டரி போட மெஷினை அணைக்கிறேன்", அதன் கீழே சேவைகள் ஒவ்வொன்றாக நின்ற வரிகள், பிறகு பூட் என்று ஒரு கோடு, 15:31-க்கு "வேலை: போட்டாச்சு, டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கிறது, பார்த்தேன்".